தஞ்சாவூருக்கு ஒரு மணித்தியாலம் போதாது

வன்னியிலிருந்து இந்தியாவுக்குத் தலயாத்திரை போகிறவர்களின் பயணப் பட்டியலைப் படித்தாலே மூச்சு வாங்கும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், திருநள்ளாறு, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, பழனி, மதுரை, இராமேஸ்வரம். பத்துப் பன்னிரண்டு நாளில் இத்தனையும். கடைசியில் தியாகராய நகரில் சேலை எடுக்க அரை நாள். அதில் மட்டும் ஒருவரும் கை வைக்க விடமாட்டார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணித்தியாலம். வானை விட்டிறங்கி, செருப்பைக் கழற்றிக் கொடுத்து, நந்திக்கு முன்னால் ஒரு படம், உள்ளே ஒரு கும்பிடு, கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரோ சொல்லும் ஒரு கதை. அதற்குள் சாரதி ஹோர்ன் அடித்துவிடுவார்.

நிழல் கதை பொய். வெயில் சாயும் நேரத்தில் முற்றத்தில் நின்றால் எவருக்கும் அது தெரியும். சனம் உட்கார்ந்து இளைப்பாறுவதே அந்த நிழலில்தான். உச்சியில் இருப்பது 80 தொன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அதே வகைக் கதை. பல துண்டுகளைப் பொருத்திச் செய்த சிகரம் அது என்று கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதைகள் இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம், வருகிறவர்கள் நின்று பார்ப்பதில்லை. ஓடுகிறவர்களுக்கு ஓர் அதிசயம் சொன்னால் போதும், விபரம் தேவைப்படாது.

ஆனால் அங்கே விபரம்தான் சுவையானது. அதில் ஈழத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

போய்வரும் வழி முன்பைவிட இப்போது கிட்ட வந்திருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்னும் வரை தலைமன்னாரில் கப்பல் ஏறி மறுகரையில் ரயில் பிடித்தார்கள். அதன் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. யுத்த காலத்தில் வன்னிச் சனம் தமிழ்நாட்டைப் பார்த்தது பெரும்பாலும் மண்டபம் முகாமின் வாசலிலிருந்து. இன்று விசுவமடுவில் பஸ் ஏறினால் பரந்தன் சந்தி, ஏ9 வீதி, யாழ்ப்பாணம், பலாலி. அங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் 2025 மார்ச் 30இல் தொடங்கியது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான கப்பல் 2023 ஒக்ரோபர் 14இல் ஓடத் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற பெயரோடு மீண்டும் வந்தது. மழைக்காலத்தில் அதற்கு ஓய்வு. கடல் ஒத்துழைத்தால் சுமார் நான்கு மணித்தியாலத்தில் மறுகரை. சென்னையைத் தொடாமலே தஞ்சாவூர் போய்விடலாம் என்பது பெரிய விடயம். திருச்சியிலிருந்து அது 60 கிலோமீற்றருக்கும் குறைவு.

கப்பலில் போகிறவர்களுக்கு நாகபட்டினத்திலேயே ஒரு பாடம் காத்திருக்கிறது, பார்க்கக் கட்டடம் எதுவும் மிஞ்சாவிட்டாலும். ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரை அங்கே இருந்தது. சிவனுக்குப் பெரிய கோயில் கட்டிய அதே முதலாம் இராஜராஜன் இந்தப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. சிதைந்து நின்ற விகாரைக் கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று அழைக்கப்பட்டதற்கும் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளே சாட்சி. குருந்தூர்மலையில் ஒவ்வொரு கல்லுக்கும் இது யாருடையது என்று கேட்டுச் சண்டை பிடிக்கும் காலத்தில் முல்லைத்தீவிலிருந்து போகிற ஒருவர் இதை அறிந்துகொண்டு போவது நல்லது. தமிழ் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்ற கணக்கு பத்தாம், பதினோராம் நூற்றாண்டுக் கல்லில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இனிப் பெரிய கோயில். 1010இல், தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்ததாக இராஜராஜன் எழுதி வைத்திருக்கிறான். காவிரி வண்டல் பூமியில் இத்தனை கருங்கல்லை எங்கிருந்தோ கொண்டுவந்து 200 அடிக்கு உயர்த்தினார்கள் என்பதே போதுமான வியப்பு. 1987இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்துகொண்டன. இவையெல்லாம் வழிகாட்டிகள் சொல்வார்கள். அவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது, நிமிர்ந்து பார்க்காமல் இடுப்பளவில் குனிந்து பார்க்க வேண்டிய பகுதியை. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக ஓடும் கல்வெட்டுகள் ஓர் அரசின் கணக்குப் புத்தகம். தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் பெண்டிர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று அரசனே ஆணையிட்டான். பொன்னை 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்தார்கள். நகை ஒவ்வொன்றிலும் எத்தனை முத்து, எத்தனை பவளம் என்பது வரை எழுதினார்கள். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் இருக்கிறது, நாவிதருக்குக் கொடுத்த பங்கும் இருக்கிறது.

வன்னியில் மாடு ஆடு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு பகுதி உடனே விளங்கும். கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. கால்நடையை இடையரிடம் ஒப்படைத்து, அவர் தலைமுறை தலைமுறையாக நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. இன்னோர் இடத்தில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல். திருவாரூர், பழையாறை என்று சோழநாட்டுக் கோயில்களிலிருந்து ஆடவும் பாடவும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட பெண்கள். ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு என்பதும் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாதாரண மனிதர்களின் பெயர், விலாசம், சம்பளம் மூன்றையும் ஒரே சுவரில் வைத்திருக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. விரும்பி வந்தார்களா, பிடித்துக்கொண்டு வரப்பட்டார்களா என்பதைக் கல் சொல்வதில்லை.

அந்தப் புத்தகத்தின் ஈழத்துப் பக்கம் இதுதான். மும்முடிச்சோழமண்டலம் என்று பெயர் மாற்றப்பட்ட ஈழத்தின் சில ஊர்கள் தஞ்சைக் கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டன. அங்கிருந்து நெல்லும் காசும் போனது; விளக்கெரிக்க இலுப்பை எண்ணெயும் போனது. பட்டியலில் வரும் கொட்டியாரம் என்ற பெயர் திருகோணமலைக் கரையில் இன்றும் புழங்குகிறது. இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கும் வன்னிக்கு, தஞ்சைக் கோயிலின் விளக்கில் எரிந்தது எந்த மரத்து எண்ணெய் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. போக்குவரத்து ஒருவழிப்பாதையாகவும் இருக்கவில்லை. சோழமண்டலத்திலிருந்து வந்த தாழி குமரன் என்ற அதிகாரி மாதோட்டத்தில் இராஜராஜ ஈச்சரம் என்று ஒரு கோயிலை எழுப்பி, அதற்கு நிலமும் வரி வருமானமும் ஏற்படுத்தினான். கோயில் இல்லை, கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கேதான் பயணிகள் பலர் சறுக்குகிறார்கள். மார்பை நிமிர்த்தி, எங்கள் சோழன் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது சுலபம். வெற்றியின் பெயரையே வாசலுக்கு வைத்த கோயில் அது: முதல் வாயிலின் பெயர் கேரளாந்தகன் திருவாசல். சேரரையும் பாண்டியரையும் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து கொடுத்த பொன் என்று கல்வெட்டு ஒளிக்காமல் சொல்கிறது. அனுராதபுரம் அழிந்து தலைநகரம் பொலன்னறுவைக்குப் போனது இதே கதையின் பகுதி. 1017இல் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் அங்கேயே இறந்தான். படை வந்து போன பிறகு ஊருக்கு என்ன நடக்கும் என்பது வேறெவரையும்விட வன்னிச் சனத்துக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் இந்தக் கோயிலைப் பார்க்கும் பார்வை வெறும் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. கோபுரத்தின் அழகு இதனால் ஓர் அங்குலமும் குறையப் போவதில்லை.

திருச்சுற்றின் தென்மேற்குப் பக்கத்தில் மராத்தி மொழியில் வெட்டப்பட்ட மிக நீண்ட கல்வெட்டொன்று இருக்கிறது. போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு. அதை வெட்டுவித்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர், ஆண்டு 1803. வன்னிக்காரர் ஒருவர் இந்த ஆண்டைக் கண்டதும் நிற்காமல் போக முடியாது. அந்த ஓகஸ்டில்தான் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கிடம் தோற்றான். அதைச் சொல்லி ஆங்கிலேயர் நாட்டிய கல் ஒட்டுசுட்டானுக்கு அருகே. ஒரே ஆண்டு, ஒரே கடலின் இரு கரைகள், ஒரே ஆதிக்கம். சரபோஜியோ 1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகத்தைக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஓய்வூதியத்தோடு கோட்டைக்குள் இருந்தவர். ஆட்சி கையை விட்டுப் போன பிறகு தன் குலத்தின் கதையைச் சோழன் கட்டிய சுவரில் வெட்டுவித்தார். அங்கே தோற்றவன் கதையை வென்றவன் எழுதினான், இங்கே அதிகாரம் இழந்தவர் தானே எழுதிக்கொண்டார்.

சரபோஜியைக் கோழை என்று சொல்லிக் கடந்துபோவதும் சரியல்ல. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடக் கடற்கரையில் மனோரா என்ற கோபுரம் கட்டினார் என்பது உண்மை. அது கொஞ்சம் சங்கடமான உண்மை. ஆனால் கையில் மிஞ்சியிருந்த காசையும் காலத்தையும் அவர் போட்ட இடம் சரஸ்வதி மகால் நூலகம். நாயக்கர் காலத்தில் அரண்மனை ஏட்டுத் தொகுப்பாகத் தொடங்கியதை அவர் பெருக்கினார். சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராத்தி ஏடுகளோடு ஐரோப்பிய நூல்களையும் ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். 1918இல் அது பொதுமக்களுக்கான நூலகமானது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள், நாயக்கர், மராத்தியர், கம்பனி, சுதந்திர இந்தியா என்று நான்கு ஆட்சி மாறியும் எரியாத ஓர் ஏட்டுச்சாலைக்குள் அரை மணித்தியாலமாவது நிற்க வேண்டும். அரண்மனையில் சோழர் வெண்கலச் சிலைகளின் கலைக்கூடமும் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதுவது வீண், நேரே பார்க்க வேண்டியது.

சிவகங்கைப் பூங்காவுக்கு அருகே ஷ்வார்ட்ஸ் தேவாலயம். ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்தியான் பிரெட்ரிக் ஷ்வார்ட்ஸ், சரபோஜியின் ஆசான், 1798இல் இறந்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் அருகே மன்னர் நிற்பதைப் பளிங்கில் செதுக்கியவர் இலண்டன் சிற்பி ஜோன் பிளக்ஸ்மன். சைவ யாத்திரைப் பட்டியலில் இந்தத் தேவாலயம் இருக்காது. இருந்தால் குறையொன்றும் வந்துவிடாது. யாழ்ப்பாணம் வீழ்ந்த 1619ஐ ஒட்டிய காலத்தில் சங்கிலி குமாரனின் பக்கம் நின்று படை அனுப்பிய இரகுநாத நாயக்கரின் தலைநகரமும் இதே தஞ்சாவூர்தான். தரங்கம்பாடியை 1620இல் டேனியருக்குத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

ஈழத்துக்கும் தஞ்சாவூருக்குமான இந்த உறவு எப்போதும் இனித்ததில்லை. 1995 ஜனவரியில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தபோது பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழ் அறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உலகத் தமிழ் மாநாட்டிலிருந்து தமிழறிஞர்களைத் திருப்பி அனுப்பியதற்கு எந்த விளக்கமும் இன்றுவரை பொருந்தவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பரில், பழ. நெடுமாறன் தலைமையிலான உலகத் தமிழர் பேரமைப்பு நகருக்கு வெளியே விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றத்தைத் திறந்தது. இறுதி யுத்தத்தின் காட்சிகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். திறந்து சில நாளில் அதன் சுற்றுச்சுவரையும் பூங்காவையும் அதிகாரிகள் இடித்தார்கள்.

2009 தொடக்கத்தில் விசுவமடுவையும் விட்டு உடையார்கட்டு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போன குடும்பங்களைச் சேர்ந்த ஒருவருக்கு அந்தச் சிற்பங்கள் தேவைப்படாமல் இருக்கலாம். அவற்றில் உள்ளதைவிட அதிகம் அவர் கண்டிருப்பார். போக விரும்பாதவரை வற்புறுத்துவது கொடுமை. ஆனால் 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் ஊரின் கதை இன்னொரு நாட்டில், சோழத் தலைநகரம் ஒன்றின் ஓரத்தில், வேறு மனிதர்களின் கற்பனையில் எப்படி வடிவம் எடுத்திருக்கிறது என்பதைப் பார்ப்பதும், இது இப்படி நடக்கவில்லை என்று தாயோ தகப்பனோ திருத்திச் சொல்வதும் பயணத்தின் பகுதியாகலாம். அதற்கும் ஒரு மணித்தியாலம் காணாது.

எதிர்வாதம் தெரிந்ததே. வாழ்நாளில் ஒருதரம் போகிறோம், விசா எடுத்து, நகை அடகு வைத்து, சீட்டுக் காசு எடுத்துப் போகிறோம், முடிந்தளவு கோயில்களைக் கும்பிட வேண்டாமா? நியாயமான கேள்வி. நேர்த்தி வைத்த கோயிலை எவரும் விடச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் நேர்த்தியும் இல்லாமல் நேரமும் இல்லாமல் பாதை ஓரத்தில் இருப்பதற்காகச் சேர்த்தவை மூன்று நான்காவது இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் தஞ்சாவூரில் இரண்டு இரவு தங்கலாம். காலை ஆறு ஆறரைக்கே கோயிலுக்குப் போக வேண்டும். மதியம் சந்நிதி சாத்தியிருக்கும், கல்தரையில் கால் வைக்க முடியாது. அந்த நேரம் அரண்மனைக்கும் நூலகத்துக்கும். மாலை வெயில் தாழ்ந்ததும் மீண்டும் கோயில். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கல்வெட்டு எழுத்துகள் துலங்கும். கருவறையைச் சுற்றிய உள்சுவரில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார், அந்த வழி பொதுமக்களுக்குத் திறப்பதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் ஏமாற்றம் இல்லை.

யாத்திரை ஒழுங்கு செய்கிறவர்கள் ஒரு வரலாற்று ஆசிரியரை இலவசமாகக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கு நட்டம் ஒரு இருக்கை. குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றோர் எழுதியதை வாசித்துவிட்டு வருகிற ஒருவர் வானுக்குள் இருந்தால், நிழல் விழாத கோபுரத்தின் கதை தானாக ஒழியும். பாடசாலைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. வரலாற்றுப் பாடநூலில் சோழர் பெரும்பாலும் படையெடுப்பாக வந்து போகிறார்கள். தஞ்சாவூர்ச் சுவரில் அவர்கள் நெல் அளவாகவும் ஆட்டுக் கணக்காகவும் வீட்டு இலக்கமாகவும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கிற மாணவன் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்.

பயணத்துக்கு முந்திய ஒத்திகையை வீட்டுக்கு அருகிலேயே வைக்கலாம். 1803இன் மறுபாதி கற்சிலைமடுவில் இருக்கிறது. விசுவமடுவிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். விசா எடுக்கத் தேவையில்லை.